நிலவுக்குக் காத்திருந்த மைதானம்

போர்க்கால விமானத் தளம் என்றதும் நமக்கு இரைச்சல்தான் ஞாபகத்துக்கு வரும். இங்கிலாந்தின் தெற்கே, சஸெக்ஸ் ஜில்லாவில், சிசெஸ்டர் நகருக்கு அருகிலுள்ள டாங்மியர் கிராமத்துத் தளத்திலும் இரைச்சலுக்குக் குறைவில்லை. 1917-ல் ஏற்பட்ட தளம் அது. 1940 ஆகஸ்டு 16-ந் தேதி பட்டப்பகலில் ஜெர்மானிய விமானங்கள் அங்கே குண்டு பொழிந்தன. விமானக் கொட்டகைகள் நொறுங்கின, பலர் மாண்டார்கள். ஆனாலும் தளம் ஓயவில்லை.

இந்த வீர வரலாற்றை எல்லோரும் சொல்கிறார்கள். என் மனத்தைப் பிடித்துக்கொண்டதோ, தளத்தின் வாசலுக்கு எதிரே இருந்த ஒரு சின்னஞ்சிறு வீடு. ஜெர்மானியர் வசமிருந்த பிரான்சுக்குள் இரகசியமாகப் போகிறவர்கள் அங்கேதான் காத்திருந்து, சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில்தான் பயணம். கீழே ஆறும் சாலையும் விமானியின் கண்ணுக்குத் தெரிய நிலவு வேண்டுமல்லவா? லைஸாண்டர் என்ற அந்தச் சிறு விமானத்தில் விமானியைத் தவிர மூன்று பேர் நெருக்கியடித்து உட்காரலாம். பிரான்சில் ஏதோ ஒரு வயலில் மூன்று கைவிளக்குகள் மினுக்கும். விமானம் இறங்கும். ஏணி வழியே வந்தவர்கள் இறங்க, போகிறவர்கள் ஏற, சில நிமிஷங்களில் மறுபடியும் கிளம்பிவிடும்.

1943 ஜூன் 16-ந் தேதி இரவு அப்படி இரண்டு விமானங்கள் போயின. அவற்றில் சென்றவர்களில் ஒருத்தி நூர் இனாயத் கான். வயது 29. தந்தை பரோடாவில் பிறந்த சங்கீத வித்வான், சூஃபி ஞானி; திப்பு சுல்தானின் வம்சம். ஆங்கிலேயரோடு போரிட்டு 1799-ல் மடிந்தவர் திப்பு. அவர் வம்சத்துப் பெண் ஆங்கிலேயரின் விமானத்தில் ஏறினாள்! புத்த ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதிய கை, பாரிஸிலிருந்து ரேடியோவில் இரகசியச் செய்தி தட்டியது. அக்டோபரில் பிடிபட்டாள். 1944 செப்டம்பர் 13-ந் தேதி டாகாவ் முகாமில் அவளைச் சுட்டுக் கொன்றார்கள்.

அதே இரவில் சென்ற டயானா ரௌடன், சிசிலி லெஃபோர்ட் என்ற மற்ற இரு பெண்களும் ஜெர்மானியரின் முகாம்களிலேயே மாண்டார்கள். விமானங்கள் மட்டும் பத்திரமாகத் திரும்பிவிட்டன. தளத்துக் கணக்கில் அது வெற்றிகரமான இரவு என்றுதான் சொல்ல வேண்டும்.

1970-ல் தளத்தை மூடிவிட்டார்கள். இன்று அந்த நிலத்தின் ஒரு பகுதியில் கண்ணாடி வீடுகளுக்குள் குடமிளகாய் விளைகிறது. ஓரமாக, 1982 முதல் ஒரு பொருட்காட்சிசாலையும் இருக்கிறது. பழைய விமானங்களைத் துடைத்து அங்கே வைத்துக்கொள்ளலாம். ஒரு நிலவிரவில் ஏறிப் போய்த் திரும்பாத அந்த மூன்று பெண்களை எங்கே வைப்பது? படிக்கிறவர்கள் மனத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.