தமிழில் உயிரியல் கற்பித்த எங்கள் ரீச்சர்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாண்டைக் காணும் இவ்வேளையில், கல்லூரியின் அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் சகோதரிகள் பலர் இம்மலரில் எழுதியிருக்கிறார்கள். நாம் எழுத எடுத்துக்கொண்டது ஓர் ஆய்வுகூடத்தையும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே நின்று கற்பித்த ஓர் ஆசிரியையையும் பற்றி. நேர அட்டவணையில் அவர் விலங்கியல் ஆசிரியை. தாவரவியலுக்கு ஆள் இல்லாத காலங்களில் அதையும் அவரே எடுத்தார். எங்கள் வாயில் அவர் என்றைக்கும் 'பயோலஜி ரீச்சர்'தான். தம் பெயரில் பரிசும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம் என்று இளைப்பாறிய நாளிலேயே சொல்லிவிட்டுப் போனவர். அந்தச் சொல்லை மதித்து இங்கும் பெயரைத் தவிர்க்கிறோம். அவரிடம் படித்த எவருக்கும் ஆளைத் தெரியும்.

தமிழில் உயிரியல் கற்பிப்பது எமது மண்ணில் நேற்றுத் தொடங்கிய காரியமன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்கு வைத்தியம் பயிற்றுவித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்னர் தமிழுக்கு மாறினார். உடற்கூற்றியல், இரண வைத்தியம், இரசாயனம் ஆகியவற்றுக்கான நூல்களைத் தம் மாணவர்களின் துணையோடு தமிழில் ஆக்கினார். 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் தாயகம் திரும்பினார். ரீச்சர் உயர்தர வகுப்பின் முதல் பாடத்தை எப்போதும் கிறீனில்தான் தொடங்குவார். "அவரிட்டைப் படிச்சவை எல்லாரும் ஆம்பிளையள். மிச்சத்தை நீங்கள் படியுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்புவார்.

ரீச்சர் தாம் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். அவர் கற்பிக்க வந்த 1960களிலோ விஞ்ஞானப் பாடங்கள் உயர்தரம் வரை தமிழுக்கு மாறிக்கொண்டிருந்தன. அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதி கையில் இருந்தது. பாடநூல்கள் போதாமல் இருந்தன. ஆகவே ஒவ்வொரு அலகுக்கும் தாமே குறிப்பு எழுதி, ரோணியோவில் அடித்து, இரண்டு கம்பி குத்தித் தந்தார். கலம், இழையம், ஒளித்தொகுப்பு, நுணுக்குக்காட்டி என்ற சொற்களை நாம் முதலில் கண்டது அந்த மங்கிய தாள்களிலேதான். ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் அதன் ஆங்கிலப் பெயரையும் எழுதவைப்பார். மருத்துவ பீடத்தில் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும், அங்கே எமது பிள்ளைகள் முழிக்கக்கூடாது என்பது அவர் கணக்கு.

ஆய்வுகூடத்தில் அவர் கண்டிப்பானவர். வெங்காயத் தோலை உரித்து வழுக்கியில் வைத்தால் காற்றுக் குமிழி ஒன்றும் இருக்கக்கூடாது. கண்ணால் கண்டதையே வரைய வேண்டும். புத்தகத்தைப் பார்த்து வரைந்த படத்தை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். மச்சம் தொடாத வீட்டுப் பிள்ளைகள் தேரையை வெட்டத் தயங்கி நின்றால் ஏச மாட்டார். பக்கத்தில் வந்து நின்று, முதல் வெட்டைத் தாமே போட்டுக் காட்டி, "ஒரு உயிர் உனக்குப் படிப்பிக்க வந்திருக்கு, வீணாக்காதை" என்பார். அதற்குப் பிறகு ஒருத்தியும் சிரித்து விளையாடியதில்லை.

கல்லூரி மதிலுக்கு வெளியிலும் அவருக்கு வகுப்பறை இருந்தது. ஆண்பனையின் பாளையையும் பெண்பனையின் பாளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இனப்பெருக்கம் படிப்பித்தார். ஆறில்லாத எமது குடாநாடு சுண்ணக்கல்லில் ஊறிய மழைநீரை நம்பியே வாழ்கிறது என்பதைக் கிணற்றுக்கட்டில் வைத்துச் சொன்னார். 1960களில் யாழ்ப்பாணத்து விஞ்ஞான ஆசிரியர்கள் கூடி உருவாக்கிய தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்துக்கு அழைத்துச் சென்றபோது, கடனீரேரிக் கரையில் கண்டல் வேர்களுக்கிடையே முழங்கால் சேற்றில் நின்றோம். பல கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே வினாத்தாளை எழுதிய அந்த நிலையத்தின் மாதிரிப் பரீட்சையை இன்றைய மாணவிகளும் அறிவர்.

1970களின் தொடக்கம் எம்மில் பலருக்கு ஆறாத காலம். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. 1971இல் மருத்துவ பீடத்துக்கு, 400 புள்ளிகளில், தமிழில் எழுதியவர் 250 எடுக்க வேண்டியிருந்தது. சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதுமாயிருந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. வன்னிக்கும் மட்டக்களப்புக்கும் அது சில கதவுகளைத் திறந்தது என்பதையும் ரீச்சர் மறைக்காமல் சொன்னார். ஆனால் சில புள்ளிகளால் வெளியே நின்ற பிள்ளைகள் எங்கள் வாங்கிலேயே இருந்தார்கள். பெறுபேறு வந்த கிழமை ரீச்சர் சைக்கிளில் வீடு வீடாகப் போனார். "கலியாணம் பேசுறதுக்கு அவசரமில்லை, இவள் இன்னொருக்கா எழுதட்டும்" என்று தகப்பன்மாரிடம் வாதாடினார். தாதியர் பயிற்சிக்கும் ஆசிரியர் கலாசாலைக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தார். டொக்டர் ஆனவர்களைப் பட்டியல் போடும் எமது வழக்கம் அவருக்குப் பிடிக்காது. கிராமத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவளைத்தான் முதலில் விசாரிப்பார்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ரயில் நின்றது, மின்சாரம் போனது, மண்ணெண்ணெய் எட்டாத விலைக்கு ஏறியது. பழசு என்று ஒதுக்கி வைத்திருந்த கண்ணாடி வைத்த நுணுக்குக்காட்டிகளை ரீச்சர் துடைத்து எடுத்தார். மின்குமிழ் வேண்டாம், யன்னலோர வெயில் போதும். மேகம் மூடிய நாளில் செய்முறை பின்போடப்படும். இரவில் ஜாம் போத்தல் விளக்கின் திரி வெளிச்சத்தில் அவர் திருத்திய கொப்பிகளில் புகை மணக்கும். குண்டுவிமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகளைப் பதுங்கு குழிக்கு இறக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாய்மொழியாகப் பாடத்தைத் தொடர்வார். சிறுநீரகத்தியின் தொழிற்பாட்டை மண்ணுக்குள் இருந்து படித்த தொகுதியினர் எம்மிடையே இருக்கிறார்கள்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. ரீச்சரின் பைக்குள் இருந்தவை இரண்டு சேலைகளும் ரோணியோக் குறிப்புகளின் மூலப்பிரதிகளும். பரீட்சைக்கு நின்ற பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு மாமரத்தின் கீழ் வகுப்பு வைத்தார். மறு ஆண்டு சனம் ஊர் திரும்பியபோது ஆய்வுகூடத்தில் உடையாத கண்ணாடி குறைவு. கூட்டி அள்ளி, மிஞ்சியவற்றை எண்ணி இருப்புப் பதிவேட்டில் எழுதி வைத்த பிறகே அவர் இளைப்பாறினார்.

2000ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிலிருந்து தாவரவியலும் விலங்கியலும் ஒன்றாகி 'உயிரியல்' என்ற ஒரே பாடமாயின. நாம் எப்போதோ வைத்த பெயருக்கு அரசாங்கம் பிறகுதான் வந்து சேர்ந்தது என்று கேட்டுச் சிரித்தார்.

ரீச்சர் இன்று எம்மோடு இல்லை. அவரிடம் படித்தவர்கள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிறார்கள். அவருடைய ரோணியோத் தாள்கள் எவரிடமாவது இருந்தால், மங்கியிருந்தாலும் கிழிந்திருந்தாலும், கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். அலகு அலகாகச் சேர்த்து வைக்கிறோம். இதுவரை விலங்கியலில் பதினொன்றும் தாவரவியலில் நான்கும் கிடைத்திருக்கின்றன. பெயர்ப்பலகை வேண்டாம் என்றவர், தம் குறிப்பு இன்னொரு பிள்ளைக்குப் பயன்படுவதை வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்.