இதயத்தசைச் சீரமைப்பு

மாரடைப்பிலோ தசை நோயிலோ அழிந்த இதயத்தசையை, உயிரணுக்களையும் ஆய்வகத்தில் வளர்த்த திசுவையும் கொண்டு ஈடுசெய்யும் மருத்துவ முயற்சி இது. இன்றும் இது ஆய்வு நிலையிலேயே உள்ளது.

தேவை

இதயத் தமனி அடைபட்டால் சில மணி நேரத்திலேயே நூறு கோடி தசையணுக்கள் வரை மடியக்கூடும். தோல் ஆறுவதைப் போல இதயம் ஆறுவதில்லை. 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1%, 75 வயதில் 0.45% தசையணுக்களே புதிதாகின்றன என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2009இல் கணித்தனர். மடிந்த இடத்தில் துடிக்காத தழும்புதான் மிஞ்சும்.

உயிரணு சிகிச்சை

2000இல் பாரிஸில் இதய அறுவை மருத்துவர் பிலிப் மெனாஷே நோயாளியின் தொடைத்தசை அணுக்களை அவரது இதயத்தில் செலுத்தினார். இம்முறையில் சிகிச்சை பெற்றோரில் சிலருக்குத் துடிப்பு சீர்கெட்டது. 2008இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் இதயத்தின் இயக்கம் மேம்படவில்லை.

எலும்பு மஜ்ஜை அணுக்கள் இதயத்தசையாக மாறுவதாக 2001இல் ஓர் எலி ஆய்விலிருந்து வந்த அறிவிப்பு பெரும் நம்பிக்கையை விதைத்தது. 2004இல் வேறு இரு குழுக்கள் அதை மறுத்தன. அந்த ஆய்வை நடத்திய பியரோ அன்வெர்சாவின் ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறுமாறு 2018இல் ஹார்வர்டு கேட்டுக்கொண்டது.

டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், இதயம் வீங்கித் தளர்ந்த நோயாளிகளுக்கு அவரவர் மஜ்ஜை அணுக்களையே செலுத்திப் பார்த்தனர். 44 பேர் பங்கேற்ற இந்த ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. இந்தியாவின் தொடக்ககால முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

திசுப் பொறியியல்

செலுத்திய அணுக்களில் பெரும்பாலானவை இதயத்தில் தங்காமல் மடிந்ததால், அவற்றைத் தாங்கும் சாரத்தின் மீது கவனம் திரும்பியது. 2008இல் மின்னசோட்டா ஆய்வாளர்கள் எலி இதயத்தின் அணுக்களைக் கழுவி நீக்கி, எஞ்சிய கூட்டில் புதிய அணுக்களை விதைத்துத் துடிக்கவைத்தனர். 2020இல் ஒசாகாவில் யோஷிகி சவா குழு, முதிர்ந்த அணுக்களைக் குருத்தணு (ஸ்டெம் செல்) நிலைக்குத் திருப்பும், ஜப்பானிய அறிவியலாளர் ஷின்யா யமனகாவின் மறுநிரலாக்க முறையில் உருவாக்கிய இதய அணுத்தாளை நோயாளிக்குப் பொருத்தியது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் 2021 முதல் துடிக்கும் தசை ஒட்டுகள் மனிதரிடம் சோதிக்கப்படுகின்றன. ஜப்பான் 2015இல் நிபந்தனையுடன் அனுமதித்த தொடைத்தசை அணுத்தாளோ, பலன் நிறுவப்படாமல் 2024இல் விலக்கப்பட்டது.

தென்னிந்தியா

சென்னை ஐஐடியும் தஞ்சை சாஸ்த்ரா பல்கலைக்கழகமும் இதயத்திசுச் சாரங்களை ஆராய்கின்றன. வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) வளாகத்தில் குருத்தணு ஆய்வு மையம் இயங்குகிறது.

இன்றைய நிலை

மருந்து, ஸ்டென்ட், பைபாஸ், இதய மாற்று ஆகியவையே நிலைபெற்ற சிகிச்சைகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலின்படி, இதயத்துக்கான குருத்தணு சிகிச்சையை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே அளிக்கலாம். வணிகமாக அளிக்கக் கூடாது.