நல்லமலைக் காடும் செஞ்சு மக்களும்

ஹைதராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் ஸ்ரீசைலம் சென்று மல்லிகார்ஜுனரைத் தரிசியாதவர் மிகச் சிலரே. டிண்டியைக் கடந்து மன்னனூர்ச் சோதனைச் சாவடிக்கு அப்பால் சென்றதும் இருமருங்கும் காடு நம்மைச் சூழ்ந்துகொள்கிறது. காட்டு விலங்குகளின் நலங்கருதி, இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அச்சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுகின்றனர். இவ்வளவையும் அறிந்த நாம், அக்காட்டில் வழிவழியாக வாழ்ந்துவரும் மக்களைப் பற்றி அறிந்திருப்பது மிகவும் குறைவு. அவர்களுடைய வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் மக்களும்

'நல்ல' என்னும் சொல் தெலுங்கில் கருமையைக் குறிக்கும். நல்லமலை என்றால் கருமலை. நமக்கோ அச்சொல் நன்மையைக் குறிப்பது. இரண்டு பொருளும் அம்மலைக்குப் பொருந்தும்.

இம்மலைத்தொடரின் பழங்குடியினர் செஞ்சுக்கள். கிழங்கு அகழ்ந்தும், தேன் எடுத்தும், வில்லம்பு கொண்டு வேட்டையாடியும் வாழ்ந்தவர்கள். இன்ன குடும்பத்தாருக்கு இன்ன காட்டுப் பகுதி என்ற வரையறை அவர்களுக்குள் உண்டு. செங்குத்தான பாறையில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுக்கும்போது, மேலே கயிற்றைப் பிடிப்பவன் பெரும்பாலும் மனைவியின் உடன்பிறந்தானாக இருப்பான் என்பர். தன் தமக்கையோ தங்கையோ தாலி இழப்பதை அவன் விரும்பமாட்டான் அல்லவா?

ஸ்ரீசைலத்து இறைவனை இவர்கள் 'செஞ்சு மல்லையா' என்று தம் குலத்தவராகவே கொண்டாடுகின்றனர். திருமங்கையாழ்வார் 'சிங்கவேள்குன்றம்' எனப் பாடிய அஹோபிலமும் இம்மலைத்தொடரிலேயே உள்ளது. அங்கு நரசிம்மர் மணந்த செஞ்சு லட்சுமி இக்குலத்துப் பெண் என்பது தலபுராணம். ஆகவே சைவராயினும் வைணவராயினும் தமிழர்க்கு இம்மக்கள் அந்நியர் அல்லர்.

நிஜாம் காலத்து முயற்சி

1939ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, வியன்னா நகரத்து மானிடவியல் அறிஞர் கிறிஸ்டாப் வான் ஃபியூரர்-ஹைமெண்டார்ஃப் இந்தியாவில் இருந்தார். அவரிடம் இருந்தது ஜெர்மன் கடவுச்சீட்டு. எனவே ஆங்கில அரசு அவரைப் பகைநாட்டவராகக் கருதியது. அவர் ஹைதராபாத் சமஸ்தானத்தில் தங்கியிருக்க அனுமதிக்கப்பட்டார். அந்தக் கட்டுப்பாட்டையே வாய்ப்பாக மாற்றிக்கொண்ட அவர், மனைவி பெட்டியுடன் செஞ்சுக்களிடையே தங்கி அவர்தம் வாழ்க்கையை ஆராய்ந்தார். செஞ்சுக்களைப் பற்றிய அவருடைய நூல் 1943ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அவர் ஆராய்ச்சியோடு நின்றுவிடவில்லை. காட்டுக் குத்தகைதாரர்களாலும் சிற்றதிகாரிகளாலும் இம்மக்கள் படும் இன்னல்களை அரசுக்கு எடுத்துரைத்தார். அதன் பயனாக 1940களில் அம்ராபாத் பீடபூமியில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கர் காடு செஞ்சுக்களுக்கென ஒதுக்கப்பட்டது. புலிக்கெனக் காடு ஒதுக்கப்படுவதற்கு முன்னரே, அங்கு மனிதனுக்கெனக் காடு ஒதுக்கப்பட்டது என்பதை நாம் கருத்தில் இருத்த வேண்டும்.

அதே காலத்தில் அடிலாபாத்தில் கோண்டு மக்களுக்காக மார்லவாயி என்னும் சிற்றூரில் ஆசிரியர் பயிற்சி நிலையம் ஒன்று 1943ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அங்குப் பாடம் கோண்டு மொழியிலேயே கற்பிக்கப்பட்டது. தாய்மொழிக் கல்வியின் அருமையை, அயல்மொழி வழங்கும் ஊரில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டில் காலமான பெட்டி அம்மையார் அந்த மார்லவாயியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

புலிக் காப்பகம் அமைந்த பின்

1973ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய அரசு புலிகள் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நாகார்ஜுனசாகர்–ஸ்ரீசைலம் காடு 1978ஆம் ஆண்டில் சரணாலயமாகவும், 1983ஆம் ஆண்டில் புலிக் காப்பகமாகவும் ஆயிற்று. 3,568 சதுர கிலோமீட்டர் பரப்புடன் அது நாட்டின் மிகப் பெரிய புலிக் காப்பகமாக விளங்கியது. 2014ஆம் ஆண்டில் மாநிலம் பிரிந்தபோது காப்பகமும் பிரிந்தது. தெலங்கானாவின் பங்கு, 2,611 சதுர கிலோமீட்டர் கொண்ட அம்ராபாத் புலிக் காப்பகம்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. புலிக்கு அமைதியான காடு வேண்டும். செஞ்சுக்கும் காடு வேண்டும். ஒருவரைக் காக்க மற்றவரை வெளியேற்றுவதா? 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்றுக்கொண்டது. அவர்களுடைய இசைவின்றிக் குடிபெயர்த்தல் ஆகாது என்றும் விதித்தது. தாமே விரும்பி வெளியேறும் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றிருந்த உதவித்தொகை 2021ஆம் ஆண்டில் 15 லட்சமாக உயர்ந்தது. பள்ளியும் மருத்துவமும் நாடி வெளியேற விரும்புவோரைத் தடுப்பதும் நியாயமன்று. ஆயினும் தொகை பெரிதென்பதால் இழப்பு சிறிதாகிவிடாது. தேன் இருக்கும் பாறையும் நீர் இருக்கும் சுனையும் அறிந்த கிழவர் ஒருவர் காட்டைவிட்டு நீங்கினால், அவரோடு ஒரு நூலகமே நீங்கிவிடுகிறது.

அந்த அறிவு இன்று காப்பகத்திற்கே பயன்படுகிறது. அடிச்சுவடு கண்டு புலியின் போக்கை உணர்வதில் செஞ்சுக்கள் வல்லவர். வனத்துறையினர் அவர்களைக் காவற்பணியாளராக அமர்த்தியுள்ளனர். காட்டினுள் அமைந்த முகாம்களில் தங்கி, நடந்தே சுற்றிக் காவல் புரிபவர்களுள் இம்மக்கள் பலர்.

பொருளீட்டும் முறையிலும் திருத்தம் வந்தது. தப்ஸி மரத்துப் பிசினை எடுக்கக் கோடரியால் ஆழ வெட்டியதால் மரங்கள் பட்டுப்போயின. 1956ஆம் ஆண்டில் தோன்றிய கிரிஜன கூட்டுறவுக் கழகமும், 1994ஆம் ஆண்டில் அமைந்த கோவெல் அறக்கட்டளையும், மேலாகச் சிறு கீறலிட்டுத் தூய்மையாகப் பிசின் சேர்க்கும் முறையைப் பழங்குடியினருக்குக் கற்பித்தன. மரமும் பிழைத்தது, தூய பிசினுக்கு விலையும் கூடியது.

2019ஆம் ஆண்டில் இக்காட்டில் யுரேனியம் தேடும் முயற்சி பற்றிய செய்தி பரவியபோது, மலைமக்களும் ஊர்மக்களும் ஒன்றாக எதிர்த்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 16ஆம் நாள் தெலங்கானா சட்டமன்றம் அதற்கு எதிராக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

நம் நாட்டுச் சான்றுகள்

இவ்வுண்மை நல்லமலைக்கு மட்டும் உரியதன்று. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள் நெடுங்காலமாகத் தம் ஏரிப் பறவைகளைக் காத்து வருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேயக் கலெக்டர் லயனல் பிளேஸ் அவ்வூராரின் உரிமைக்கு அரசு ஏற்பு வழங்கினார். பெரியாற்றுக் காப்பகத்திலோ, திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்துவந்தவர்களே 1990களின் பிற்பகுதியில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர். பிழைக்க வழி காட்டியதும் பகைவர் காவலரானார்கள்.

ஆக, வரலாறு கூறும் செய்தி ஒன்றே. காட்டை அண்டி வாழ்பவன் வயிறும் மானமும் காக்கப்பட்டால் காடும் காக்கப்படும்.

நமது கடமை

இது மலைவாசிகளின் கவலைதானே என்று நாம் இருந்துவிட முடியாது. 2004ஆம் ஆண்டு முதல் இந்நகரத்துக் குழாய்களில் கிருஷ்ணை நீரும் வருகிறது. அந்நதி நல்லமலையை ஊடறுத்துப் பாய்ந்தே நாகார்ஜுனசாகரை அடைகிறது. மலையின் பசுமை குன்றினால் நம் வீட்டுக் குடத்திற்கும் கேடு உண்டு.

நாம் செய்யக்கூடியவை எளியவையே. அம்ராபாத் காப்பகத்தில் 2024ஆம் ஆண்டு முதல் பிளாஸ்டிக்குக்குத் தடை உள்ளது. அதை மனமுவந்து பின்பற்றலாம். குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசாதிருக்கலாம். தேன் வாங்கும்போது கிரிஜன கூட்டுறவுக் கழகத்தின் தேனைக் கேட்டு வாங்கலாம். எல்லாவற்றினும் மேலாக, செஞ்சு லட்சுமியின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அக்குலத்தார் இன்றும் வாழ்கிறார்கள், நமக்காகவும் அக்காட்டைக் காக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வோமாக.