திருப்பி அனுப்பப்பட்ட நான்கு குழந்தைகள்

குழந்தைகளின் உரையாடலைப் பதிவுசெய்யும் களப்பணிக்காக ஹேவ்லாக்கில் தங்கியிருக்கிறேன். 2018இல் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட இத்தீவில் இன்று வாழ்வோருள் பெரும்பாலோர் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியோரின் வழியினர். அவர்களுக்கு முன் இத்தீவுக்கூட்டத்தில் பாலவா மொழி பேசிய அந்தமானியர் வாழ்ந்தனர். அம்மொழியில் ஒரு குழந்தை எவ்வாறு பேசக் கற்றது என்பதை இனி எவரும் கேட்டறிய இயலாது.

அந்தமானியக் குழந்தைமை குறித்து எஞ்சியுள்ள விரிவான பதிவு, எட்வர்ட் ஹொரேஸ் மேன் 1880களின் தொடக்கத்தில் வெளியிட்டது. ஆறேழு வயதைக் கடந்த பிள்ளை பெற்றோருடன் வசிப்பது அரிது. நண்பர்கள் கேட்டுப் பெற்றுத் தம் பிள்ளையாக வளர்ப்பர். அவ்வாறு கேட்பதே பெற்றோருக்குச் செய்யும் மரியாதை என்கிறார் அவர். 1906–08இல் இங்குக் களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரவுனும் இவ்வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். சமூக வளர்ச்சியை ஆராய்வோர்க்கு இது அரிய செய்தி. நானும் இதை மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

ஆனால் மேன் ‘அந்தமான் இல்லங்களின்’ பொறுப்பதிகாரியாகவும் இருந்தவர். பாதிரியார் கார்பின் 1863இல் ராஸ் தீவில் தொடங்கிய அந்த ஏற்பாட்டுடன் பிற்பாடு அநாதை இல்லமும் சேர்ந்தது. பிள்ளைகளை ஊரே பகிர்ந்து வளர்த்த சமூகத்தில் ‘அநாதை’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? 1877இல் அந்த இல்லங்களின் வழியே பரவிய தட்டம்மை பெருந்தொகையானோரைக் கொன்றது.

1880இல் நிகழ்ந்தது இன்னும் வெளிப்படையானது. பொறுப்பதிகாரி போர்ட்மேன் வடக்கு சென்டினல் தீவில் ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். நோக்கம், நட்புறவாம். விரைவிலேயே எல்லோரும் நோயுற்றனர். முதியோர் இருவரும் இறந்தனர். குழந்தைகள் பரிசுப்பொருள்களுடன் தீவில் விடப்பட்டனர். அவர்கள் நோயையும் உடன் கொண்டுசென்றார்களா என்ற கேள்வி இன்றளவும் எழுப்பப்படுகிறது. அப்பயணம் அச்சத்தையும் பகையையும் வளர்த்ததேயன்றி வெற்றியாகவில்லை என்று போர்ட்மேனே பிற்பாடு எழுதினார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், பெற்றோர் ஒப்புதலுடன் ஏழு வயது முதல் குழந்தையின் இசைவையும் கோருகின்றன. குழந்தை மறுத்தால் அதை மதிக்கவேண்டும் என்கின்றன. அவை உடல்நல ஆய்வுகளுக்கானவை. எனினும் மொழியியலார் நாங்களும் அவற்றைக் கைக்கொள்கிறோம், பெரும்பாலும் படிவ அளவில்.

நேற்று எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஒலிப்பதிவுக் கருவியை உள்ளங்கையால் மூடினாள். அவளுடைய தாய் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார். ‘பேசு, அக்கா கேக்குறாங்கல்ல’ என்று வங்காளத்தில் அதட்டவும் செய்தார். நான் கருவியை அணைத்தேன். அதுவரை பதிவானதையும் அழித்தேன். என் அட்டவணையில் அந்த வரிசை வெறுமையாகவே இருக்கிறது. நெறியாளருக்கு இதை இன்னும் எழுதவில்லை.