ஒளியிழையும் வானலையும்

‘வயர்லெஸ்’ என்பதைக் ‘கம்பியில்லாத் தந்தி’ எனத் தமிழாக்கியபோது, கம்பி இல்லாமையே அதன் பெருமை என்று கருதினோம். கம்பி பழமை, வானலை புதுமை என்னும் எண்ணமும் நம்மிடை வேரூன்றியது. வரலாறோ வேறு கூறுகின்றது.

1880-இல் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், சூரிய ஒளிக்கதிரின்மீது மனிதக் குரலை ஏற்றி, வாஷிங்டன் நகரில் ஏறத்தாழ 213 மீட்டர் தொலைவுக்கு அனுப்பினார். மேகமும் மூடுபனியும் அம்முறையைப் பயன்படவொட்டாமல் தடுத்தன. ஒளிக்குக் காப்புள்ள பாதை ஒன்று தேவைப்பட்டது.

1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகளைச் சுவர்களை ஊடுருவச் செய்து, அப்பாலிருந்த மணியை ஒலிப்பித்தார். 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளையும் அவர் ஆராய்ந்தார். ஒளியும் இவ்வலைகளும் ஒரே குலத்தன. அலைநீளத்தால் மட்டுமே வேறுபடுவன.

ஒளிக்குப் பாதை கண்டோருள்ளும் இந்தியர் ஒருவர் உண்டு. பஞ்சாபிலுள்ள மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டனில் ஹரால்ட் ஹாப்கின்ஸுடன் கூடி, கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவங்களைச் செலுத்தும் ஆய்வை 1954-இல் வெளியிட்டார். எனினும் அக்காலக் கண்ணாடியில் ஒளி சில பத்து மீட்டர்களுக்குள் மங்கிற்று. கண்ணாடியிற் கலந்த மாசே இதற்குக் காரணம் என 1966-இல் சார்ல்ஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் எடுத்துக்காட்டினர். 1970-இல் அமெரிக்கக் கார்னிங் நிறுவனத்தார் செய்த இழையில், ஒரு கிலோமீட்டர் கடந்த பின்னும் நூற்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு ஒளி எஞ்சியது. இன்றைய சிறந்த இழையில் 95 பங்கு எஞ்சுகின்றது.

இனி இரண்டும் இணைந்த வகையைக் காண்போம். நீளம் குறைந்த வானலைகள் மிகுந்த செய்தியைச் சுமக்க வல்லன. ஆயினும் சுவரும் மழையும் அவற்றைத் தளர்விக்கும். ஆதலின் சிறு தொலைவுக்கொரு கோபுரம் வேண்டும். அத்தனை கோபுரங்களுக்கும் செய்தியைக் கொணர்வது எங்ஙனம்? செப்புக் கம்பியில் அவ்வலைகள் விரைந்து தேயும். ஆகவே வானலையின் வடிவத்தை லேசர் ஒளியிற் பதித்து, இழைவழி அனுப்பி, கோபுரத்தில் மீண்டும் வானலையாக்கிப் பரப்பும் முறையை 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர் வளர்த்தனர்.

இழையின் அருமையை அந்தமான் நிக்கோபார் தீவினர் அறிவர். நெடுங்காலம் செயற்கைக்கோள் ஒன்றையே அவர்கள் நம்பியிருந்தனர். 2020 ஆகஸ்டில், சென்னையிலிருந்து கடலடியில் சென்ற ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் ஒளியிழை அவர்களுக்குப் பயன்படலாயிற்று. அவர்கள் கையிலுள்ள தொலைபேசியிற் கம்பி இல்லை. அதன் குரலோ கடலடிக் கண்ணாடி வழியே வருகின்றது.

சிற்றூருக்குக் கோபுரம் கேட்கும் நாம், இழையையும் உடன் கேட்டல் வேண்டும். கோபுரம் கண்ணுக்குத் தெரியும். அதற்கு உயிரூட்டும் இழை மண்ணுள் மறைந்திருக்கும். மறைந்திருப்பதை மறவாதிருப்போமாக.