கட்டலாம், ஆனா வாய்க்காலைத் தொடக்கூடாது

திருமழபாடின்னா எல்லாருக்கும் பங்குனியில நடக்கிற நந்தி கல்யாணம்தான் ஞாபகம் வரும். எனக்கு அந்தக் கோயில் கல்வெட்டு ஒண்ணு முதல்ல ஞாபகம் வரும். கொள்ளிடக் கரையில இருக்கிற வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரிச்சுப் புதுசாக் கட்டச் சொல்லி, முதலாம் ராஜராஜன் தன்னோட 28ஆம் ஆட்சியாண்டுல (1012-13 வாக்கில்) உத்தரவு போட்டார். கூடவே, பிரிக்கிறதுக்கு முன்னாடி சுவர்ல இருக்கிற கல்வெட்டுகளைப் புத்தகத்துல படியெடுத்து வைக்கவும் சொன்னார். பேக்கப் எடுக்காம டேட்டாபேஸ்ல கை வைக்காதேன்னு எங்க ஆபீஸ்ல சொல்ற அதே கதைதான் :-) ராஜேந்திரனோட 14ஆம் ஆண்டுல அந்தப் புத்தகத்தைப் பார்த்துத் திரும்பக் கல்லுல வெட்டினாங்க.

ஏன் இவ்வளவு கவனம்? அந்தச் சுவர்ல இருந்தது கோயிலுக்குக் கொடுத்த தானங்களோட கணக்கு. எழுத்து போனா உரிமையும் போச்சு.

உரிமைன்னா என்னென்னன்னு சோழர் செப்பேடுகள் விலாவாரியாச் சொல்லுது. திருவாலங்காட்டுச் செப்பேடு பழையனூரைக் கோயிலுக்குக் கொடுக்குது. லெய்டன் பெரிய செப்பேடு ஆனைமங்கலத்தை நாகப்பட்டினம் புத்த விகாரத்துக்குக் கொடுக்குது. ஊரோட சேர்த்து ஒரு பட்டியலும் வருது: சுட்ட செங்கல்லால மாடமாளிகை கட்டலாம், கிணறு வெட்டலாம், தென்னை வைக்கலாம். தனியா எழுதிக் கொடுக்கணும்னா, சாதாரணமா அது எல்லாருக்கும் கிடையாதுன்னுதானே அர்த்தம்?

பட்டியல்ல தடையும் உண்டு. இந்த ஊருக்குப் பாயுற வாய்க்கால்ல வெளியூர்க்காரங்க கிளை வெட்டக்கூடாது, சின்ன ஏத்தம் போடக்கூடாது, கூடையால இறைக்கக்கூடாது. வாய்க்கால் யார் நிலத்து வழியாப் போனாலும் தண்ணி கடைசி வயல் வரைக்கும் போய்ச் சேரணும்.

இந்த விஷயத்தை வெள்ளைக்காரன் 1882ல் வசதியுரிமைச் சட்டமா எழுதினான். முதல்ல அமலான இடங்கள்ல சென்னை மாகாணமும் ஒண்ணு. 20 வருஷம் தடையில்லாம ஒரு பாதையையோ தண்ணியையோ உரிமையோட அனுபவிச்சா அது உரிமையாயிடும். 1885 தந்திச் சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது: நிலத்தை வாங்காமலே அதுல கம்பம் நடலாம், சேதத்துக்கு மட்டும் நஷ்டஈடு. அந்த அதிகாரத்தையே மின்கம்பிக்கும் கொடுக்க 2003 மின்சாரச் சட்டத்துல வழி வெச்சாங்க.

எங்க சித்தப்பா வீட்டு மாடி பாதியில நிக்கிறது இதனாலதான். பக்கத்துல 11 கிலோவோல்ட் லைன் போகுது. பக்கவாட்டுல 1.2 மீட்டர், மேல போனா 3.7 மீட்டர் இடைவெளி வேணும்ங்கிறது விதி. மனையைக் காட்டின புரோக்கர் அதைப் பத்தி வாயே திறக்கலை.

1962ல் வந்த எண்ணெய், எரிவாயுக் குழாய்ச் சட்டத்தைப் படிச்சப்பதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. குழாய் போற பட்டையில கட்டடம் கூடாது, கிணறு குளம் கூடாது, மரம் கூடாது. சோழன் கொடுத்த அதே மூணு! நிலம் உங்க பேர்லதான் இருக்கும், பயன்பாட்டு உரிமைக்குச் சந்தை மதிப்புல 10 சதவீதம் கொடுப்பாங்க. கோவையிலேர்ந்து கிருஷ்ணகிரி வரைக்கும் 7 மாவட்ட விவசாயிங்க கெயில் குழாயை எதிர்த்துப் போராடினது இதுக்குத்தான். குழாயை ரோட்டோரமாக் கொண்டு போங்கன்னு சொன்ன தமிழக அரசோட உத்தரவை 2013ல் உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு, 2016ல் உச்ச நீதிமன்றமும் அரசோட மேல்முறையீட்டைத் தள்ளுபடி பண்ணிடுச்சு.

ஊர் நல்லாருக்கக் கம்பியும் குழாயும் வாய்க்காலும் வேணும், அதுல எனக்குச் சந்தேகமில்லை. ஆனா கடைசி வயலுக்குத் தண்ணி போக வாய்க்காலைக் காத்த விவசாயிக்கும் அந்தத் தண்ணியில பங்கு இருந்தது. குழாய்க்கு இடம் விட்டவருக்கு 10 சதவீதத்தோட கணக்கு முடிஞ்சுடுது. இது எனக்கு நியாயமாப் படலை.

மனை வாங்குறவங்க பட்டாவோட நிறுத்திடாதீங்க. புலப்படத்துல வாய்க்கால் புறம்போக்கு இருக்கான்னு பாருங்க. அப்புறம் நேர்ல போய் ஒருதடவை அண்ணாந்தும் பாருங்க.