பிழைப்பும் பயனும்: நலநுண்ணுயிரிகளுக்கான ஆய்வகச் செரிமானச் சோதனை எதைச் சொல்கிறது?

பினாங்கு, சுங்கை பினாங் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் குளிர்பெட்டியில் இரண்டு வகைப் புளித்த பால் பக்கம்பக்கமாக இருப்பது புதுமையன்று. ஒன்று இரவில் உறை ஊற்றிய தயிர். மற்றொன்று கடையில் வாங்கிய சிறு போத்தல் பானம். தயிர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லிக்கொள்வதில்லை. போத்தல் பானமோ, உயிருள்ள நுண்ணுயிரிகள் குடல்வரை போய்ச் சேரும் என்ற எண்ணத்தின்மேல் எழுந்தது. மினோரு ஷிரோத்தா 1930இல் கியோத்தோவில் வளர்த்தெடுத்த லாக்டோபேசிலஸ் குலவகை 1935இல் யாகுல்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதுமுதல் புரோபயாடிக் எனப்படும் நலநுண்ணுயிரிகளுக்கு உயிருடன் குடலை அடைவதே முதல் தகுதியாகக் கருதப்பட்டுவருகிறது. இத்தகுதியை ஆய்வகத்தில் அளப்பதுதான் செரிமானச் சோதனை. ஆனால், பிழைப்பு என்பது நுண்ணுயிரியின் தனிக்குணம் அன்று. நுண்ணுயிரி, அதைச் சுமந்துசெல்லும் உணவு, நாம் எண்ணும் முறை ஆகிய மூன்றும் சேர்ந்து தரும் விடை அது. எனவே இச்சோதனையை ஒப்பிட்டுக் கழிக்கும் சல்லடையாகக் கொள்ளலாமே தவிர, நன்மைக்கான சான்றிதழாகக் கொள்ளலாகாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் 2002இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரைப்பை அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கும் திறனை ஆய்வகச் சோதனைகளின் பட்டியலில் சேர்த்தது. அதற்கேற்ற ஆய்வுகள் பெருகின. பின்னாளில் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லியோங் மின் சே, நாகேந்திர ஷாவுடன் 2005இல் வெளியிட்ட கட்டுரை அவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 11 லாக்டோபேசிலஸ் குலவகைகளின் அமிலத் தாங்குதிறனையும் பித்தநீர்த் தாங்குதிறனையும் அது ஒப்பிட்டது. குலவகைக்குக் குலவகை முடிவு வேறுபட்டது. இத்தகைய சோதனையின் வழக்கமான நடைமுறை எளியது. வளர்த்த உயிரணுக்களைக் கழுவி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். 2 அல்லது 3க்கு இறக்கிய திரவத்தில் விடுகிறார்கள். 37 பாகை செல்சியசில் வைத்து, தொடக்கத்திலும் ஒவ்வொரு மணி நேர முடிவிலும் மாதிரி எடுத்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, எம்.ஆர்.எஸ். அகார்த் தட்டில் பரப்புகிறார்கள். இரண்டு நாள் கழித்துத் தட்டில் முளைத்த காலனிகளை எண்ணினால் கணக்கு வந்துவிடுகிறது.

முதல் சிக்கல் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு மில்லிலிட்டரில் 100 கோடி உயிரணுக்கள் இருந்து, இரண்டு மணி நேரத்தில் 10 இலட்சம் எஞ்சின என்று கொள்வோம். ஆயிரத்தில் ஒன்றுதான் பிழைத்திருக்கிறது, 99.9 விழுக்காடு மாண்டுவிட்டது. ஆனால், இவ்விரு எண்களின் மடக்கைகளான 9ஐயும் 6ஐயும் எடுத்து ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பிழைப்பு வீதம் 66.7 விழுக்காடு என்று எழுதும் வழக்கம் ஆய்விதழ்களில் பரவலாக உண்டு. இரண்டு வாக்கியமும் ஒரே தட்டிலிருந்து வந்தவைதாம். படிப்பவர் மனத்தில் எழும் படம் நேர்மாறானது. தட்டும் முழு உண்மையைச் சொல்வதில்லை. அமிலத்தில் அடிபட்டு, உயிர் இருந்தும் அகாரில் முளைக்க இயலாத அணுக்களை அது செத்தவையாகவே எண்ணுகிறது.

இரண்டாவது சிக்கல் உணவு. வெறும் வயிற்றில் இரைப்பையின் பி.எச். 1க்கும் 2க்கும் இடையில் நிற்கலாம். சோறும் தயிரும் உள்ளே போனதும் அது உயர்ந்து, பிறகே மெல்ல இறங்குகிறது. உணவு அமிலத்தைத் தணிப்பதோடு நிற்பதில்லை. கோர்கொரன் குழுவினர் 2005இல் காட்டியது இங்கே முக்கியம். பி.எச். 2 உள்ள செயற்கை இரைப்பைச் சாற்றில் லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி என்ற குலவகையை 90 நிமிடம் வைத்தபோது, சிறிதளவு குளுக்கோஸ் சேர்த்ததே பிழைப்பைப் பத்து இலட்சம் மடங்குவரை உயர்த்தியது. சர்க்கரையை எரித்துப் பெற்ற ஆற்றலைக்கொண்டு உயிரணு தனக்குள் புகுந்த புரோட்டான்களை வெளியே இறைத்துவிடுகிறது. குலவகை மாறவில்லை, அமிலமும் மாறவில்லை. சர்க்கரை ஒன்றே தீர்ப்பை மாற்றியது. ஆகவே, கழுவிய உயிரணுக்களைக் கொண்டு அமிலத்தில் நடத்திய சோதனையின் முடிவை, தயிர்ச்சோற்றுக்கோ நீரில் விழுங்கும் மாத்திரைக்கோ அப்படியே பொருத்த இயலாது.

கடுமையான சோதனை என்பதே பாதுகாப்பு, அதில் தேறியது எங்கும் தேறும் என்று மறுப்போர் உண்டு. இவ்வாதம் பிழைத்தால்தான் பயன் என்ற முன்முடிவின்மேல் நிற்கிறது. தயிரே அதற்கு மறுசான்று. தயிர் போன்ற யோகர்ட்டை உறையவைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசிலஸ் பல்காரிகஸ் ஆகிய இரண்டு நுண்ணுயிரிகளும் அமிலத்திலும் பித்தநீரிலும் நெடுநேரம் தாங்குபவை அல்ல. ஆயினும், பால் செரிக்காதவர்களிடம் கோலார்ஸ் குழுவினர் நடத்தி 1984இல் வெளியிட்ட ஆய்வில், யோகர்ட் வழியே 18 கிராம் லாக்டோஸ் உண்டபோது, செரிக்காத லாக்டோஸின் அடையாளமாக மூச்சில் வெளிவந்த ஹைட்ரஜன், அதே அளவு லாக்டோஸைப் பாலில் உண்டபோது வந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நுண்ணுயிரி கொண்டுவந்த நொதி குடலுக்குள் லாக்டோஸைச் சிதைத்தது. பித்தநீர் உயிரணுச் சுவரைத் தளர்த்துவது அந்நொதிக்கு வழி திறந்துவிடுகிறது. இரைப்பையைக் கடக்கும்வரை அணு நொதியைக் காத்துக் கொடுத்தால் போதும். அதற்குப்பின் அது உடைவதே இங்கு உதவி. ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிரிகள் கொண்ட யோகர்ட்டுக்கு இந்நன்மையை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஏற்றுக்கொண்டது. பிழைப்பை மட்டும் பார்க்கும் சல்லடை, சான்று வலுவாக உள்ள இந்த உதாரணத்தையே கீழே தள்ளியிருக்கும்.

பொதுமுறை ஒன்றை எல்லோரும் பின்பற்றினால் குழப்பம் தீரும் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. 2014இல் வகுக்கப்பட்டு 2019இல் திருத்தப்பட்ட இன்ஃபோஜெஸ்ட் முறை, பி.எச். 3இல் பெப்சினுடன் இரைப்பைக் கட்டத்துக்கு இரண்டு மணி, பி.எச். 7இல் பித்த உப்பும் கணைய நொதிகளும் சேர்த்துச் சிறுகுடல் கட்டத்துக்கு இரண்டு மணி என வரையறுத்தது. உணவையும் சேர்த்தே தொடங்குவது அதன் பலம். ஆனால், அது உணவு செரிப்பதை அளக்க எழுந்த முறை, மாறாத பி.எச். என்பது உயிருள்ள இரைப்பையின் இயல்பு அன்று. ஒரே அளவுகோல் இருந்தால் இரு ஆய்வுகளை ஒப்பிடலாம். அந்த அளவுகோல் எதை அளக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அப்படியானால் ஆய்வகச் சோதனையை விட்டுவிட்டு நேரே மனிதரிடம் போவதா? நூற்றுக்கணக்கான குலவகைகளை அப்படிப் பார்க்கப் பணமும் காலமும் போதா. தேர்வுக்குச் சல்லடை வேண்டும். பயனுக்கோ மனிதரிடம் பெற்ற சான்று வேண்டும். பினாங்கில் பசும்பாலிலிருந்து பிரித்த டிஆர்7 என்ற குலவகையை 111 பேரிடம் 12 வாரம் சோதித்து 2019இல் வெளியான ஆய்வு, எத்தனை அணு பிழைத்தது என்று கேட்கவில்லை. மன அழுத்தம் குறைந்ததா என்று கேட்டது. சல்லடையும் சான்றும் வேறுவேறு வேலை செய்வது இங்கே தெளிவாகிறது. மலேசிய உணவு ஒழுங்குவிதிகளும் ஒரு கிராமிலோ மில்லிலிட்டரிலோ 10 இலட்சம் உயிரணுக்கள் காலாவதி நாள்வரை இருக்க வேண்டும் என்கின்றன. அது கடை அலமாரியில் எடுக்கும் கணக்கு. செரிமானச் சோதனை அக்கணக்கைக் குடல்வரை நீட்ட விரும்பினால், எந்த உணவோடு, வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் எடுத்த அணு, எந்த முறையில் எண்ணியது, ஆயிரத்தில் எத்தனை எஞ்சியது என்ற நான்கையும் மடக்கை வீதத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். அவை இல்லாத பிழைப்பு எண், அளவு குறிக்காத படியால் அளந்த அரிசியைப் போன்றது.